வருஷத்துக்கு 4 மில்லிமீட்டர்தான்... மெதுவாக வளரும் மூளைக்கட்டியை விட்டுவைக்கலாமா?

மூளையில் கட்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எல்லாரும் முதலில் கேட்பது, “எவ்வளவு பெருசு?” என்றுதான். க்ளையோமா வகைக் கட்டிகளில் அதே அளவுக்கு முக்கியமான இன்னொரு கேள்வி உண்டு: எவ்வளவு வேகமாக வளருது? ஒரே ஒரு ஸ்கேனை வைத்து இதைச் சொல்ல முடியாது. இடைவெளி விட்டு எடுத்த இரண்டு எம்.ஆர்.ஐ. வேண்டும்.

வேகத்தில் இவ்வளவு வித்தியாசமா?

க்ளையோமாக்களிலேயே மோசமானது க்ளையோபிளாஸ்டோமா. நார்வேயில் 106 நோயாளிகளுக்கு ஆபரேஷனுக்கு முன் எடுத்த இரண்டு ஸ்கேன்களை ஒப்பிட்டு 2015இல் ஒரு ஆய்வு வெளியானது. கட்டியின் கன அளவு ஒரு நாளைக்குச் சுமார் 1.4 சதவீதம் கூடியிருந்தது. அதாவது கிட்டத்தட்ட 50 நாளில் இரண்டு மடங்கு! இந்தக் கட்டியில் வேகத்தை அளக்கிறேன் என்று யாரும் காத்திருப்பதில்லை.

இரண்டாம் நிலை க்ளையோமா கதை வேறு. பெரும்பாலும் 30, 40 வயதுக்காரர்களுக்கு வருவது. நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று வலிப்பு வரும், ஸ்கேன் எடுத்தால் கட்டி தெரியும். சிகிச்சை தொடங்காத 27 பேரைப் பிரான்ஸ் மருத்துவர்கள் கவனித்து 2003இல் சொன்ன கணக்கு: விட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 4.1 மில்லிமீட்டர் கூடுது. மெதுவாகத்தான், ஆனால் நிற்காமல்.

8 மில்லிமீட்டர் என்ற கோடு

இந்த வேகத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு இருக்கா? 2006இல் 143 நோயாளிகளை வைத்துப் பிரான்ஸிலிருந்தே பதில் வந்தது. ஆண்டுக்கு 8 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்த கட்டி இருந்தவர்களில் பாதிப் பேர் சுமார் 5 ஆண்டுகளுக்குள் இறந்துவிட்டார்கள். அதைவிட மெதுவாக வளர்ந்தவர்களில் அந்தக் காலம் 15 ஆண்டு அளவுக்கு நீண்டது. முதல் ஸ்கேனில் இரண்டு கட்டியும் ஒரே மாதிரி தெரிந்திருக்கலாம்!

ஒன்றை மறக்கக்கூடாது. இது மரபணுப் பரிசோதனை பரவலாவதற்கு முந்தைய ஆய்வு. உலக சுகாதார அமைப்பின் 2021 வகைப்பாட்டின்படி, ஐ.டி.ஹெச். மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்காமல் இந்தக் கட்டிகளுக்குப் பெயர்கூட வைக்க முடியாது. அதனால் 8 மில்லிமீட்டரை மட்டும் வைத்து யாருக்கும் நாள் குறிக்க முடியாது.

அப்போ மெதுவாக வளர்ந்தால் காத்திருக்கலாமா?

ஒரு காலத்தில் பல இடங்களில் அதுதான் வழக்கம். நார்வேயில் ஒரு மருத்துவமனை சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்துவிட்டுக் காத்திருந்தது; இன்னொன்று சீக்கிரமே ஆபரேஷன் செய்தது. எங்கே சிகிச்சை என்பதை நோயாளி வசிக்கும் பகுதிதான் தீர்மானித்தது. அதனால்தான் இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு. 153 பேரின் விவரம் 2012இல் வெளியானது. 5 ஆண்டு உயிரோடிருந்தவர்கள் காத்திருந்த இடத்தில் 60 சதவீதம், சீக்கிரம் ஆபரேஷன் செய்த இடத்தில் 74 சதவீதம். பேச்சு, கை கால் அசைவுக்கான பகுதியில் கட்டி இருந்தால் முழுசாக எடுப்பது கஷ்டம். அங்கே முடிவு ஆளுக்கு ஆள் மாறும்.

“மாற்றம் இல்லை” என்றால் உண்மையிலேயே இல்லையா?

இங்கேதான் பலர் ஏமாறுவது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், ஒவ்வொரு முறையும் போன ஸ்கேனோடு மட்டும் ஒப்பீடு. ஆறு மாதத்தில் 2 மில்லிமீட்டர் கூடினால் கண்ணுக்குத் தெரியாது, ரிப்போர்ட்டில் “குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை” என்று வரும். ஆனால் 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டையில் ஒரு வருஷத்தில் 4 மில்லிமீட்டர் கூடினால் கன அளவு மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கும்.

அதனால் முதன்முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ. சி.டி.யைத் தூக்கிப் போடாதீங்க. ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் அதைக் கையோடு கொண்டுபோய், “இதோடும் ஒப்பிட்டுப் பாருங்க டாக்டர்” என்று கேளுங்க.