நோயாளியின் பதிவேடு: கிள்ளான் முதல் செலாயாங் வரை



உடம்பு சுகமில்லை என்று அரசாங்க மருத்துவமனைக்குப் போகிறோம். முகப்பில் அடையாளக் கார்டைக் கேட்கிறார்கள். சில இடங்களில் ஒருவர் அலமாரிகளுக்கிடையே நடந்து நமது கோப்பைத் தேடுகிறார். வேறு சில இடங்களில் எண்ணைத் தட்டியதும் கணினித் திரையில் நமது விவரம் வந்துவிடுகிறது. நோயாளியைப் பற்றி எழுதி வைப்பதில் அப்படி என்ன பயன்? இதை அறிய, நூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிக் கிள்ளானுக்குப் போக வேண்டும்.

1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றினார். அவ்வாண்டுதான் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதனைப் போர்ட் கிள்ளான் என்கிறோம். நகரிலும் துறைமுகத்திலும் மலேரியாக் காய்ச்சல் மக்களை வாட்டி எடுத்தது. சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி, புதர்க்காடுகளை அழிக்க வேண்டும் என்று வாட்சன் வாதாடினார், வேலையும் நடந்தது. ஆனால், செலவழித்த பணத்துக்குப் பலன் கிடைத்ததா?

மருத்துவமனைப் பதிவேடு அதற்கு விடை சொன்னது. மலேரியாவுடன் வந்தவர்கள் எங்கே குடியிருப்பவர்கள் என்பதையும் அவர் பிரித்துக் கணக்கெடுத்தார். கிள்ளான் நகரிலிருந்து வந்தவர்கள் 1901-இல் 334 பேர். 1905-இல் 12 பேர். துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் 188 பேர். அது 11-ஆகக் குறைந்தது. ஆனால், மூன்றாவது வரி ஒன்றும் இருந்தது. வடிகால் வெட்டப்படாத சுற்றுவட்டாரப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் 197 பேர். 1905-இல் அது 353-ஆக உயர்ந்தது.

நேயர்களே, அந்த மூன்றாவது வரியைச் சற்று எண்ணிப் பாருங்கள். நகரம் பிழைத்தது, சுற்றுப்புறம் நோயில் கிடந்தது. அந்தச் சுற்றுப்புறத்தில்தான் புதிய ரப்பர் தோட்டங்கள் உருவாகிக் கொண்டிருந்தன. கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் அங்கேதான் காடு வெட்டிக் கொண்டிருந்தார்கள். மூன்று வரிகளையும் ஒன்றாகக் கூட்டி எழுதியிருந்தால், அவர்களுடைய துன்பம் மற்றவர்களுடைய கணக்கில் மறைந்து போயிருக்கும்.

பின்னர் வாட்சன் தோட்டங்களுக்கே சென்று லயங்களில் இருந்த குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கும். எத்தனை குழந்தைகளுக்கு வீக்கம், லயம் எவ்விடத்தில் உள்ளது என்பதை எழுதி வைத்தார். தாழ்நிலத் தோட்டங்களில் வடிகால் பலன் தந்தது. மலைப்பாங்கான தோட்டங்களிலோ, காட்டை அழித்து வெயில் படச் செய்த பிறகும் காய்ச்சல் தணியவில்லை. காரணம், அங்கே நோயைப் பரப்பிய அனோபிலஸ் மாக்குலேட்டஸ் என்னும் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடுவது. ஆகவே, ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் விடவும், நீரின் மீது எண்ணெய் தெளிக்கவும் வேண்டியதாயிற்று. ஒழுங்காக எழுதிய கணக்கு, மருத்துவரின் எண்ணம் தவறு என்று அவருக்கே காட்டவும் வல்லது.

அடுத்து வந்த காலத்தில் தோட்டத்து மக்களுக்கு நோய்நொடி என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரிதான். மருந்து கொடுத்தவர் டிரெசர் ஐயா. இப்பணியில் உள்ளவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. டிரெசருடைய புத்தகத்தில் நம்முடைய பெயரும், வந்த நோயும், கொடுத்த மருந்தும் இருந்தன. இரண்டு முனியம்மாக்கள் இருந்தாலும் யார் எந்த லயத்து முனியம்மா என்று அவருக்குத் தெரியும். ஆனால், குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போனால் புத்தகம் கூடவே போகாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, பலருடைய நோய் வரலாறும் அங்கேயே நின்று போயிற்று.

கணினி தீர்க்க வந்த குறை இதுதான். 1999-இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, காகிதமின்றி முழுவதும் கணினியில் இயங்கிய நாட்டின் முதல் அரசாங்க மருத்துவமனை என்று பெயர் பெற்றது. மருத்துவர் படுக்கையருகிலிருந்தே இரத்தப் பரிசோதனை கேட்கலாம். முடிவு திரைக்கு வரும். எக்ஸ்ரே படத்தையும் திரையிலேயே பார்க்கலாம். மருத்துவரின் கையெழுத்து புரியாமல் மருந்து மாறிப்போகும் ஆபத்து குறைந்தது.

ஆயினும் புதுமை எளிதில் பரவிவிடவில்லை. செலாயாங் புதிதாகக் கட்டிய மருத்துவமனை. தொடக்கத்திலிருந்தே கணினியோடு வளர்ந்தது. பழைய மருத்துவமனைகளிலோ பல்லாண்டுக் கோப்புகள் குவிந்திருந்தன. வெவ்வேறு நிறுவனங்கள் செய்து கொடுத்த கணினி முறைகள் ஒன்றோடொன்று பேசிக் கொள்ளவில்லை. மருத்துவர் திரையைப் பார்த்துத் தட்டெழுதினால் நோயாளியின் முகத்தைப் பார்க்கும் நேரம் குறைகிறதே என்ற குறையும் எழுந்தது. இவற்றால் பல ஆண்டுகள் சென்ற பிறகும், பெரும்பாலான அரசாங்க மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் காகிதத்தையே நம்பியிருந்தன. மறுபடியும் முதலில் நகரம், பிறகே சுற்றுப்புறம்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. டிரெசரின் புத்தகம் களவு போனால் ஒரு தோட்டத்தின் இரகசியம் போகும். கணினியில் களவு போனால் நாட்டின் இரகசியமே போகும். 2018-இல் சிங்கப்பூரில் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினியில் புகுந்தவர்கள் 15 இலட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்களைத் திருடினார்கள். அவர்களில் ஏறத்தாழ 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் அடக்கம். ஆகவே, பூட்டும் காவலும் இல்லாத கணினி, திறந்து கிடக்கும் வீட்டுக்குச் சமம்.

2020-இல் கோவிட் தொற்று வந்தபோது மைசெஜாத்திரா என்னும் செயலி கைப்பேசிகளில் ஏறியது. மறு ஆண்டு தடுப்பூசிக்கும் அதிலேயே பெயர் பதிந்தோம். கைப்பேசி பழகாத தாத்தா பாட்டிகளுக்குப் பிள்ளைகள் பதிந்து கொடுத்தார்கள். பதிந்து கொடுக்கப் பிள்ளைகள் அருகில் இல்லாதவர்கள் சிரமப்பட்டார்கள்.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது என்ன? கணக்கில் சரியாக இடம் பெற்றவர்களின் குறைதான் கண்ணில் படும். டிரெசர் முகம் பார்த்து அறிந்தார். கணினி எண்ணைப் பார்த்தே அறியும். பெயரில் ஓர் எழுத்தோ எண்ணில் ஓர் இலக்கமோ மாறினால், அது நம்மை வேறொருவராக எண்ணிவிடும். ஆகவே பிறப்புப் பத்திரத்திலும் அடையாளக் கார்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாமல் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிச் சென்று விண்ணப்பிக்க உதவுங்கள். தாய்சேய் கிளினிக்கில் கொடுத்த புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். சாப்பிடும் மருந்துகளின் பெயரையும், உடம்புக்கு ஒவ்வாத மருந்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அடையாளக் கார்டோடு வைத்துக் கொள்ளுங்கள். மின்சாரம் நின்றாலும் அந்தத் தாள் பேசும்.

அன்று கிள்ளானில் மூன்றாவது வரியை வேறொருவர் நமக்காக எழுதினார். இன்று நமது வரி சரியாக எழுதப்படுகிறதா என்று கேட்டுப் பார்ப்பது நமது கடமை.