பிறையைப் படம் எடுக்கலாம், படம் சாட்சியாகுமா?

ரமளான் 29ஆம் நாள் மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வருவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருக்கும். சிவந்த வானம், நடுவே நகக்கீற்றுப்போல ஒரு பிறை, கீழே ‘பிறை தெரிந்துவிட்டது’ என்று ஒரு வரி. எடுத்தவர் யார், எந்த ஊரில் எடுத்தார், இந்த ஆண்டு எடுத்ததுதானா என்பது அனுப்பியவருக்கே தெரியாது. அதற்குள் தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று ஊர் ஊராகப் பள்ளிவாசல் நிர்வாகிகளின் கைப்பேசி அடிக்கத் தொடங்கிவிடும். இன்று தராவீஹ் உண்டா? இஃதிகாஃபில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போகலாமா? இறைச்சிக் கடையில் சொல்லி வைத்துவிடலாமா?

இது விளையாட்டான விஷயம் அல்ல. ஒரு படத்தை நம்பி 30ஆம் நோன்பை விட்டுவிட்டால் கடமையான நோன்பு ஒன்று போகிறது. பெருநாள் வந்த பிறகும் நோன்பு வைத்தால், நோன்பு தடுக்கப்பட்ட நாளில் வைத்ததாக ஆகிறது. தத்தம் பகுதிப் பிறை, சர்வதேசப் பிறை, கணக்கீடு என்று சமுதாயத்தில் உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நாம் இங்கே போகவில்லை. கைப்பேசியில் விழுந்த பிறை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மட்டும் பார்ப்போம்.

நிலவை ரசிக்கலாமா?

நிலவைப் பார்த்து வியப்பதும் அதைப் படம் எடுப்பதும் மார்க்கத்துக்குப் புறம்பானவையோ என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. பிறைகள் மக்களுக்கும் ஹஜ்ஜுக்கும் காலம் காட்டுபவை என்று அல்பகரா அத்தியாயத்தின் 189ஆம் வசனம் சொல்கிறது. யாஸீன் அத்தியாயத்தின் 39ஆம் வசனம் தேய்ந்த நிலவைக் காய்ந்து வளைந்த பேரீச்சங்குலைக் காம்புக்கு ஒப்பிடுகிறது. தருமபுரிக்காரர்களுக்கு இந்த உவமை எளிது. நம் மாவட்டத்து அரியாகுளம் பக்கம் பேரீச்சைத் தோட்டம் இருக்கிறது. அறுவடை முடிந்து உலர்ந்த காம்பு ஒன்றைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, மாதக் கடைசியில் அதிகாலைப் பிறையைக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது.

நபி (ஸல்) அவர்கள் தோழர்களோடு அமர்ந்து முழுநிலவைப் பார்த்ததை ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அந்த நிலவை நெரிசலின்றிப் பார்ப்பதுபோல மறுமையில் இறைவனைக் காண்பீர்கள் என்ற நற்செய்தி அந்த இரவில்தான் சொல்லப்பட்டது. பிறையைக் கண்டதும் ஓதும் துஆவும் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. ரசிப்பதற்கு எல்லையையும் குர்ஆனே வைத்திருக்கிறது: சூரியனுக்கும் நிலவுக்கும் சுஜூது கூடாது. படம் எடுப்பதில் உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடு உயிருள்ளவற்றின் உருவம் பற்றியது. படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளும்படி இப்னு அப்பாஸ் (ரலி) வழி காட்டியிருக்கிறார்கள். நிலவு கல்லும் மண்ணும்தான்.

எப்படிப்பட்ட கல் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. நிலவில் பளிச்சென்று தெரியும் மேட்டுப் பகுதிகள் அனார்தொசைட் என்ற பாறையால் ஆனவை. அதே வகைப் பாறை சேலத்தைத் தாண்டி நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் இருக்கிறது. சந்திரயான் தரையிறங்கு கலத்தைச் சோதிக்க, நிலவு மண்ணைப் போன்ற மண்ணை இஸ்ரோ இந்தப் பாறையை அரைத்துத்தான் செய்தது.

படம் ஏன் வெள்ளைப் பொட்டாக வருகிறது?

கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்துங்கள். அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 1 பாகை. நிலவு அதில் பாதிதான். சாதாரணக் கைப்பேசியின் லென்ஸ் 70 பாகை அளவுக்கு விரிந்து பார்க்கிறது. 4,000 புள்ளி அகலமுள்ள படத்தில் நிலவுக்குக் கிடைப்பது 30 புள்ளி. போதாததற்கு, இருண்ட வானத்தைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. நிலவோ வெயிலில் கிடக்கும் பாறை. அதனால் வெளுத்துப்போகிறது.

திரையில் நிலவின்மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் குறையுங்கள். ‘புரோ’ வசதி இருந்தால் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125 நொடி என்று தொடங்கலாம். மொட்டைமாடிச் சுவரில் கைப்பேசியைச் சாய்த்து, 2 நொடி டைமர் வைத்தால் கை நடுக்கம் படாது. பைனாகுலரின் கண்ணாடியில் கைப்பேசி லென்ஸை ஒட்டிவைத்து எடுத்தால் பள்ளங்களே தெரியும். அதற்கு முழுநிலவு நாள் தோதல்ல. நிழல் இல்லாததால் நிலவு தட்டையாகத் தெரியும். பிறை 7 முதல் 10 வரை, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பாருங்கள். மெல்லிய பிறைக்கு வேறு கணக்கு. ஷட்டரை அரை நொடி, ஒரு நொடி என்று நீட்டினால் பிறையின் இருண்ட பகுதியும் சாம்பல் நிறத்தில் தெரியவரும். பூமியில் பட்டுத் திரும்பிய வெயில் அது.

உதிக்கும் நிலவு மலைக்கு மேலே தாம்பாளம்போலப் பெரிதாகத் தெரிவதும், படத்தில் சிறுத்துவிடுவதும் பலருக்கும் ஏமாற்றம். கேமரா சரியாகத்தான் எடுத்திருக்கிறது. உச்சிக்கு வந்த பிறகு ஒரு முறை எடுத்து ஒப்பிடுங்கள், அளவு மாறியிருக்காது. பெரிதாகக் காட்டுவது நம் மனம் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம் ‘கிதாபுல் மனாஸிர்’ நூலில் விளக்கியவர் இப்னுல் ஹைஸம். கிரகணத்தின் வடிவம் பற்றிய தனி நூலில், சிறு துளை வழியே இருட்டறைக்குள் வரும் ஒளி கிரகணச் சூரியனைப் பிறை வடிவில் காட்டுவதை ஆராய்ந்தவரும் அவரே. இன்றைய கேமராவின் அடிப்படை அதுதான். (‘கமர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்துதான் கேமரா வந்தது என்று மேடைகளில் சிலர் சொல்கிறார்கள். அது அறை என்று பொருள்படும் லத்தீன் சொல். இல்லாத பெருமை நமக்கெதற்கு?) அல்ஹாஸன் என்று அவர் பெயர் தாங்கிய பள்ளம் ஒன்று நிலவின் கிழக்கு விளிம்பை ஒட்டி இருக்கிறது. பிறை இரண்டு, மூன்றாம் நாளில் ஒளிரும் கீற்றுக்குள்ளேயே அது அடங்கிவிடும்.

படம் சொல்லாதவை

2013 ஜூலை 8 அன்று பிரான்சில் தியரி லெகோ என்ற வானியல் புகைப்படக்காரர், அமாவாசை நிகழ்ந்த அதே கணத்தில், பட்டப்பகலில், சூரியனுக்கு 4.4 பாகை தூரத்தில் இருந்த பிறையை அகச்சிவப்புக் கதிரில் படம் எடுத்தார். அந்த ஆண்டு ரமளானுக்குச் சற்று முந்தைய பிறை அது. உலகில் எந்தக் கண்ணாலும் அதைக் கண்டிருக்க முடியாது. ஆக, கேமரா கண்டதெல்லாம் கண் கண்டது ஆகாது.

காணாததையும் கேமரா சேர்க்கும். 2023 மார்ச்சில் ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, இருட்டறையில் தள்ளி நின்று சாம்சங் கைப்பேசியில் எடுத்தார். மங்கிய படத்தில் இல்லாத பள்ளங்கள் கைப்பேசிப் படத்தில் வந்திருந்தன. நிலவை அடையாளம் கண்டு செயற்கை நுண்ணறிவால் விவரங்களைத் துலக்கும் வசதி அது என்று நிறுவனமே பிறகு விளக்கியது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் பகிரும் படத்திலிருந்து எடுத்த நேரம், இடம் பற்றிய பதிவுகள் நீங்கிவிடுகின்றன. பிறையின் சாய்வு ஓரளவு துப்புக் கொடுக்கும். தருமபுரி 12 பாகை வட அகலாங்கில் இருப்பதால், முதல் பிறை நமக்குப் பெரும்பாலும் இரு முனையும் மேல்நோக்கிய தோணியாகத்தான் தெரியும். நிமிர்ந்து நிற்கும் மெல்லிய பிறை வந்தால் அது ஐரோப்பா போன்ற வடக்கு நாட்டு வானமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நம் ஊர் அதிகாலைத் தேய்பிறையும் தோணியாகவே இருக்கும்! ஃபஜ்ர் நேரத்துக் கிழக்கு வானத்தையும் மஃரிப் நேரத்து மேற்கு வானத்தையும் படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

அதனால்தான் மார்க்கம் சாட்சியை மனிதரிடம் கேட்கிறது. பிறை கண்டதாகச் சொன்ன கிராமவாசி ஒருவரிடம் நபி (ஸல்) அவர்கள் கேள்வி கேட்டு உறுதிசெய்த பின்னரே நோன்பை அறிவிக்கச் சொன்னதாக அபூதாவூத், திர்மிதி நூல்களில் வருகிறது. கண்ணும் தவறும். நூறு வயதை நெருங்கிய அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள், வேறு யாருக்கும் தெரியாத பிறை தமக்குத் தெரிவதாகச் சொன்னார்கள். பஸராவின் காஜி இயாஸ் பின் முஆவியா அருகில் போய்ப் பார்த்தார். நரைத்த புருவ முடி ஒன்று கண்முன் வளைந்திருந்தது. அதை மெல்ல நீவிவிட்டு மறுபடி கேட்டார். இப்போது பிறை தெரியவில்லை. நேரில் வந்த மனிதரிடம் இப்படி மரியாதையாகக் கேட்டுத் தெளியலாம். படத்திடம் என்ன கேட்பது?

29ஆம் நாள் மாலை

தருமபுரியில் மேற்கே பென்னாகரம், ஒகேனக்கல் பக்கம் மலையும் காடும். அடிவானத்திலிருந்து 3 பாகை உயரம் மலை மறைத்தால் பிறை பார்க்கும் நேரத்தில் 12 நிமிடம் போய்விடும். ஆகவே முந்தைய நாளே மேற்கு திறந்த மேட்டு நிலத்தையோ உயரமான மாடியையோ பார்த்து வையுங்கள். சூரியன் முழுதாக மறையும் வரை பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது, பார்வை போய்விடும். மறைந்து 20 நிமிடம் வாக்கில், சூரியன் இறங்கிய இடத்துக்கு மேலே தேடுங்கள். பெண்களும் பிள்ளைகளும் மாடியில் நின்று பார்க்கட்டும். பிள்ளைகளின் கண் கூர்மையானது.

தெரிந்தால் முதலில் பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டுங்கள். ஷவ்வால் பிறைக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் ஹனஃபி மத்ஹபில் இன்னும் பலர் கண்டிருக்க வேண்டும். நேரம், திசை, முனைகள் பார்த்த பக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு நேராகப் பள்ளிவாசலுக்குப் போய் ஜமாஅத்தாரிடம் சொல்லுங்கள். அங்கிருந்து காஜிக்குச் செய்தி போகும். எடுத்த படம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கட்டும். நேரம் பற்றிக் கேட்டால் மூலப்படம் உதவும்.

குழுவில் பகிர்வதை அறிவிப்பு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஊரையும் தேதியையும் படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே படம் வேறொரு ஊரின் பிறையாகச் சுற்றாது.