பாய் கடைப் பற்று நோட்டு

1/ போன வாரம் சர்க்கரை டெஸ்ட்டுக்கு வந்த பெரியவர் ஒருத்தர், ரிப்போர்ட்டோட ஒரு பழைய நீள நோட்டையும் மேசையில வச்சார். "கடையை மூடுறோம் டாக்டர். எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவை பாருங்க"ன்னார். மன்னார்குடி பக்கம், சுத்திலும் நெல் வயல் இருக்கிற சின்ன ஊர். அந்த ஊருக்கே மளிகைன்னா 'பாய் கடை'தான். இது அவங்க அத்தா காலத்துப் பற்று நோட்டு. படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமான இழை, பொறுத்துக்கோங்க.

2/ முதல் பக்கங்கள்ல கணக்கு எல்லாமே அணாவுல. 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1-ல நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 100 காசு. ஆனா ஒரு அணாவுக்கு ஆறேகால் காசு! அந்தக் கால் காசு யாருக்குங்கிறதுல கடைக்காரருக்கும் வாங்குறவருக்கும் தினமும் வாக்குவாதமாம்.

3/ அடுத்த வருஷம், 1958-ல கிலோ எடைக்கற்கள் புழக்கத்துக்கு வர ஆரம்பிச்சது. அதுவரைக்கும் பருப்பு வீசையில, புளி பலத்துல. 40 பலம் ஒரு வீசை, ஏறத்தாழ 1.4 கிலோ. சட்டம் மாறினாலும் வாய் மாறல. 1967 தேர்தல்ல திமுக கொடுத்த வாக்குறுதியே ரூபாய்க்கு மூணு படி அரிசிதான், கிலோ இல்ல!

4/ படி ஏன் அவ்வளவு முக்கியம்? டெல்டாவுல விவசாயக் கூலியே நெல்லாத்தான் அளந்தாங்க. அந்த நெல்லுல கொஞ்சத்தைக் கடையில அளந்து கொடுத்துட்டு உப்பு, மிளகாய், சீமெண்ணெய் வாங்கிட்டுப் போவாங்க. நோட்டுல சில பேருக்கு வரவுப் பக்கத்துல ரூபாயே கிடையாது. 'நெல் 2 படி', 'நெல் 1 படி', அவ்வளவுதான்.

5/ அந்த அரைப் படி, ஒரு படிக்குப் பின்னாடி ரத்தமும் இருக்கு. கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாத்தான் 1968 டிசம்பர் 25-ல கீழ்வெண்மணியில 44 பேர் குடிசைக்குள்ள எரிக்கப்பட்டாங்க. பெரும்பாலும் தலித் பெண்களும் குழந்தைகளும். நம்ம கடையும் அந்தக் காலத்துக் கடைதான். "சேரி ஆளுங்க பக்கவாட்டுச் சந்துல நின்னுதான் சாமான் வாங்குவாங்க டாக்டர், சொல்லவே வெக்கமா இருக்கு"ன்னார் பெரியவர். மறைக்காம சொன்னாரே, அதுவே பெரிசு.

6/ இப்போ கடன் விஷயத்துக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில பற்று நீண்டுகிட்டே போகும். தை, மாசியில சம்பா அறுவடை முடிஞ்சாத்தான் வரவு விழும். சும்மா இல்ல, கடனுக்கு வாங்கினா விலையும் கொஞ்சம் கூடத்தான். ஆனா 1977 நவம்பர் நாகப்பட்டினம் புயலுக்கு அப்புறம் வர்ற பக்கங்களைப் பாருங்க. பல கணக்குல வரவே இல்ல. குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான். "அத்தா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை"ன்னார்.

7/ ஒரு டாக்டரா என் கண்ணு போனது சாமான் பட்டியல்லதான். பழைய பக்கங்கள்ல உப்பு, புளி, மிளகாய், கருப்பட்டி, ஒரு குப்பி நல்லெண்ணெய். சீனி நோன்புக்கும் தீபாவளிக்கும் மட்டும்.

'ஆஹா, அந்தக் காலத்துச் சாப்பாடுதான் ஆரோக்கியம்'னு உடனே சொல்லிடாதீங்க. பருப்பும் அதே மாதிரி விசேஷத்துக்கு மட்டும்தான் இருக்கு. சோறு, உப்பு, மிளகாய் மட்டும் சாப்பிட்ட வீட்டுல ரத்தசோகையும் நோஞ்சான் குழந்தைகளும்தான் இருந்திருக்கும்.

8/ அப்புறம் மெல்ல மெல்ல டால்டா, பிஸ்கட், பால் பவுடர் டின், ஷாம்பு பாக்கெட் எல்லாம் வருது. இதுல ரெண்டுக்கு அரசு பின்னாடி கடிவாளம் போட்டது. தாய்ப்பாலுக்கு மாற்றுன்னு பால் பவுடரை விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு 1992-ல சட்டம். வனஸ்பதி, எண்ணெயில டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு 2022-ல விதி. கடைசிப் பக்கங்கள்ல சீனியும் மைதாவும் மாசாமாசம் வருது.

9/ 2023-ல வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவுல சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. இதுக்குக் கடைக்காரர் மேல பழி போட முடியாது. ஊர் கேட்டதை அவர் வச்சார், கம்பெனி அனுப்பினதை வித்தார். வயல்ல குனிஞ்சு நிமிர்ந்த வேலை இயந்திரத்துக்குப் போயிடுச்சு, தட்டுல சோறு மட்டும் குறையல.

10/ கடையை ஏன் மூடுறாங்க? பக்கத்து டவுன்ல சூப்பர் மார்க்கெட், கையில போன். பிள்ளைகளும் வெளியூர்ல. நியாயம்தான். ஆனா என்கிட்ட வர்ற கூலித் தொழிலாளிகள் சில பேர், கையில இருக்கிற காசுக்கு மாத்திரை வாங்கிட்டு, அந்த மாச அரிசி பருப்பைப் பாய் கடையில கடனா வாங்கினவங்க. இனிமே காசு குறைஞ்சா முதல்ல நிக்கப் போறது மாத்திரைதான். அதான் என் கவலை.

11/ அவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்: ஆரம்ப சுகாதார நிலையத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரை இலவசம். தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க.

மத்தவங்களுக்கு: உங்க வீட்டுல, கடையில இப்படிப் பழைய பற்று நோட்டு இருந்தா எடைக்குப் போடாதீங்க. ஒரு ஊர் என்ன சாப்பிட்டுச்சு, எப்போ பட்டினி கிடந்துச்சுன்னு அதுல இருக்கு. பாய் நோட்டைப் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துட்டேன். எடைக்குப் போடலைன்னு வாக்கும் வாங்கிட்டேன்.