நெப்டியூன் படம் வந்த வழி

1989 ஆகஸ்டு கடைசியில் செய்தித்தாளில் நெப்டியூன் கிரகத்தின் படம் வந்தது. சுமார் 450 கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து வாயேஜர் 2 அனுப்பியது. அதன் டிரான்ஸ்மிட்டர் சக்தி இருபது வாட் சொச்சம்தான். நம் வீட்டுக் குண்டு பல்பைவிடக் குறைவு. படம் எப்படிச் சிதையாமல் வந்தது? ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

வழியில் இரைச்சலால் சில பிட்டுகள் மாறிவிடும். அதற்காக உபரி பிட்டுகளைச் சேர்த்து அனுப்பி, இங்கே கணக்குப் போட்டுத் திருத்துவார்கள். குறியீடு நீளமானால் நன்றாகத் திருத்தலாம். ஆனால் கணக்கு மலைபோல் பெருகிவிடும்.

1954-ல் பீட்டர் எலையஸ் ஒரு வழி சொன்னார். பேரேட்டில் குறுக்கும் நெடுக்கும் கூட்டிச் சரிபார்ப்போமே, அதுபோல வரிசைக்கு ஒரு குறியீடு, பத்திக்கு ஒரு குறியீடு. 1965-ல் டேவிட் ஃபார்னி எம்.ஐ.டி. முனைவர் பட்ட ஆய்வில் இன்னொரு வழி காட்டினார்: ஒரு பெரிய குறியீட்டுக்குப் பதில் இரண்டு எளிய குறியீடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். பிழை மளமளவென்று குறையும். கணக்கு அளவோடு நிற்கும்.

வாயேஜரில் நடந்தது அதுதான். பூமியில் முதலில் விட்டர்பி முறை இரைச்சலை வடிகட்டும். அதற்கு ஒரு குறை: தவறினால் கொத்தாகத் தவறும். அடுத்து வருவது 1960-ல் பிறந்த ரீட்–சாலமன் குறியீடு. அது பைட் கணக்கில் பார்க்கும். ஒரு பைட்டில் ஒரு பிட் கெட்டாலும் எட்டும் கெட்டாலும் அதற்கு ஒரே பிழை. 255 பைட் தொகுதியில் 32 உபரி. 16 பைட் வரை திருத்தும். முன்னவர் சறுக்கும் இடத்தில்தான் பின்னவருக்குப் பலம்.

1977-ல் கிளம்பியபோது அறிவித்த பயணம் வியாழன், சனி வரைதான். அங்கே பழைய கோலே குறியீடு; ஒரு பிட்டுக்கு ஒரு பிட் உபரி. ரீட்–சாலமனுக்கோ ஏழு பைட்டுக்கு ஒன்று போதும். அந்தக் கருவியை அன்றே ஏற்றி அனுப்பியிருந்தார்கள். 1986-ல் யுரேனஸை அடைந்தபோது அது கைகொடுத்தது. பிறகு போய்ப் பொருத்த முடியுமா என்ன? பூமியில் ஆன்டெனாக்களைப் பெரிதாக்கியதும், பலவற்றைச் சேர்த்துக் கேட்டதும் நெப்டியூனுக்கு உதவின என்பதையும் சொல்ல வேண்டும்.

1982-ல் வந்த சிடி பாட்டுத் தட்டிலும் இரண்டு ரீட்–சாலமன் குறியீடுகள் பின்னிக் கிடக்கின்றன. சின்னக் கீறல் விழுந்த தட்டும் தடங்காமல் பாடுவது அதனால்தான்.