கடலுக்கும் இரவில் மூச்சு முட்டுமா?

2014 பிப்ரவரியில் ஜொகூர் நீரிணையின் மீன் பண்ணைகளில் சுமார் 160 டன் மீன்கள் மாண்டன. நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் குறைந்துபோனதே காரணம் என்றனர் அதிகாரிகள்.

அவ்வளவு பெரிய கடலில் ஆக்சிஜன் எப்படிக் குறையும்? பிளாங்டனைக் கேட்கணும்!

நீரில் மிதக்கும் இந்த நுண்ணுயிர்களில் தாவர வகை, பகலில் சூரிய ஒளியில் உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளியிடும். இரவில் ஒளி இல்லை. ஆனால் சுவாசம் நிற்காது. விலங்கு வகைப் பிளாங்டன், பாக்டீரியா, மீன் எல்லாமே அதே ஆக்சிஜனைப் பங்குபோடும். அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் அதன் அளவு ஆகக் குறைவு.

சாதாரண நாளில் கணக்கு சரியாயிடும். ஆனால் வெயிலும் கழிவுநீரின் சத்துகளும் சேர்ந்தால் பிளாங்டன் மளமளவென்று பெருகும். இரவில் சுவாசிக்கும் உயிர்கள் கூடும். பிளாங்டன் மடிந்தாலும் தொல்லைதான்: அதை மட்கவைக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனையும் காலி செய்துவிடும்.

திறந்த கடலில் புதுநீர் வந்து கலக்கும். ஜொகூர் நீரிணையிலோ 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் நீரோட்டத்தைத் தடுக்கிறது. கூண்டு மீன் எங்கே தப்பி ஓடும்?

நண்பகலில் நீரைச் சோதித்தால் எல்லாம் நல்லாத்தான் தெரியும். உண்மை நிலவரம் தெரிய, விடியற்காலையில் அளக்கணும்.