நாற்பது இருக்கைகளும் நூற்றிருபது நாட்களும்: கலிபோர்னியச் சட்டமன்றம், 1926–1966

கலிபோர்னிய மாநிலச் சட்டமன்றம் செனட் எனப்படும் மேலவையும் அசெம்பிளி எனப்படும் கீழவையும் சேர்ந்தது. மேலவைக்கு 40 பேர் நான்கு ஆண்டுகளுக்கும், கீழவைக்கு 80 பேர் இரண்டு ஆண்டுகளுக்கும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். 1879ஆம் ஆண்டு அரசமைப்பு வகுத்த இந்த எண்ணிக்கை இன்றுவரை மாறவில்லை. ஆனால் அந்த 40 பேர் யார் சார்பில் அமர்ந்தனர் என்பதும், இரு அவைகளும் எத்தனை நாட்கள் கூடின என்பதும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடும் பூசலுக்கு உள்ளாயின. இவ்விரண்டையும் ஒருசேரப் பார்த்தால்தான், வேகமாக வளர்ந்துவந்த ஒரு மாநிலம் தன்னுடைய பெரும்பான்மை மக்களை நாற்பது ஆண்டுகள் மேலவையின் ஓரத்திலேயே நிறுத்திவைத்தது எவ்வாறு என்பது விளங்கும்.

1920இல் சுமார் 34 லட்சமாக இருந்த மாநில மக்கள்தொகையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் பங்கு பெருகிவந்ததைக் கண்டு வேளாண் பகுதியினரும் வடபகுதி வணிகரும் கவலை கொண்டனர். அந்தக் கவலையிலிருந்து பிறந்ததே 1926இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட ‘கூட்டாட்சித் திட்டம்’. அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சம இடம் இருப்பதுபோல, மாநிலச் செனட்டில் கவுண்டிகளுக்கு, அதாவது மாநிலத்தின் உள்ளாட்சிப் பிரிவுகளுக்கு, இடம் தருவதே அதன் நோக்கம். எந்தக் கவுண்டிக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட செனட்டர் கிடையாது என்றும், சிறு கவுண்டிகளைச் சேர்த்து ஒரு தொகுதியாக்கினால் மூன்றுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்றும் அது விதித்தது. இந்த ஒப்புமை தொடக்கம் முதலே பழுதானது. மாநிலங்கள் கூடி ஒன்றியத்தை அமைத்தன என்று கூறலாம். கவுண்டிகளோ மாநில அரசே தன் வசதிக்காக வகுத்துக்கொண்ட நிர்வாக எல்லைகள்.

அதன் விளைவை 1960ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் 60,38,771 பேருக்கு ஒரே ஒரு செனட்டர். சியரா மலைத்தொடரை ஒட்டிய ஆல்பைன், இன்யோ, மோனோ என்னும் மூன்று கவுண்டிகளின் 14,294 பேருக்கும் ஒரு செனட்டர். மலைப்பகுதி வாக்காளர் ஒருவரின் குரல் லாஸ் ஏஞ்சலஸ்வாசியின் குரலைப்போல் 420 மடங்குக்கும் மேற்பட்ட கனம் பெற்றிருந்தது. இம்முறையை மாற்றும் முன்மொழிவுகள் 1948, 1960, 1962 ஆகிய ஆண்டுகளில் வாக்கெடுப்புக்கு வந்து மூன்று முறையும் தோற்றன. 1948இல் பழைய முறையைக் காக்க வேண்டும் என்று வாதிட்டவர்களுள் அப்போதைய ஆளுநர் எர்ல் வாரனும் ஒருவர்.

கிராமப்புறச் செனட்டர்கள் நகரங்களுக்கு எதனையும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. பெட்ரோல் வரியை உயர்த்தி விரைவுச் சாலைகளுக்கு நிதி திரட்டிய 1947ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்னின்று நிறைவேற்றியவர் வடகோடியிலுள்ள சிஸ்கியூ கவுண்டியைச் சேர்ந்த ரண்டால்ஃப் காலியர். வடக்கின் ஆற்று நீரைத் தெற்குக்குக் கொண்டுசெல்ல 175 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட வழிசெய்த 1959ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தச் செனட்டைக் கடந்தே வந்தது. மறு ஆண்டு அது வாக்காளரின் ஒப்புதலைக் குறுகிய வித்தியாசத்தில் பெற்றது. ஆயினும், நகர மக்கள் தமக்கு வேண்டியதைத் தம் எண்ணிக்கையின் உரிமையால் அல்லாமல் பிறரது இசைவால் பெற வேண்டியிருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

கூட்டத்தொடர்களின் அமைப்பும் இந்த நிலைக்குத் துணைபோயிற்று. சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டுமே பொதுக் கூட்டத்தொடர் நடத்தியது. 1911 முதல் அத்தொடரும் இரு பகுதிகளாகப் பிளக்கப்பட்டிருந்தது: ஜனவரியில் கூடி மசோதாக்களை அறிமுகப்படுத்துவது, பின்னர் குறைந்தது 30 நாட்கள் கலைந்திருப்பது, மீண்டும் கூடி அவற்றை விவாதித்து வாக்களிப்பது. இடைவேளையில் குடிமக்கள் மசோதாக்களைப் படித்துத் தம் உறுப்பினரிடம் கருத்துரைப்பார்கள் என்னும் உயர்ந்த எண்ணமே இதற்கு அடிப்படை. நடைமுறையிலோ, குறித்த நாளுக்குள் மசோதாவைப் பதிவுசெய்துவிட வேண்டும் என்ற அவசரமே மிஞ்சியது. 1958இல் இப்பிளவு நீக்கப்பட்டது. இதற்கிடையே, 1946ஆம் ஆண்டுத் திருத்தம் இரட்டைப்படை ஆண்டுகளில் வரவு செலவுத் திட்டத்துக்கென ஒரு குறுகிய கூட்டத்தொடரை ஏற்படுத்தியிருந்தது. 1949ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுக் கூட்டத்தொடரை 120 நாட்களுக்குள் அடக்கி, அதுவரை மாதம் 100 டாலராக இருந்த உறுப்பினர் ஊதியத்தை 300 டாலராக உயர்த்தியது. 1954இல் அது 500 ஆயிற்று.

குறைந்த ஊதியமும் குறைந்த நாட்களும் ஒன்றுசேர்ந்ததால், சொந்தத் தொழிலோ வேறு வருவாயோ உடையவர்களே பெரும்பாலும் இப்பதவியை நாட முடிந்தது. வந்தவர்களுக்கும் மசோதாக்களை ஆராய உதவியாளர்கள் போதவில்லை. அந்த வெற்றிடத்தை ‘லாபியிஸ்டுகள்’, அதாவது வணிக நலன்களுக்காக உறுப்பினரிடம் ஆதரவு திரட்டுவோர், நிரப்பினர். மதுவடிப்பாளர்களின் பிரதிநிதியான ஆர்ட்டி சாமிஷ் இவர்களுள் பெயர்பெற்றவர். ‘கோலியர்ஸ்’ இதழ் 1949இல் அவரது செல்வாக்கை அம்பலப்படுத்தியது. பொம்மையொன்றை மடியில் வைத்து, அதனையே சட்டமன்றமாகக் காட்டி அவர் அமர்ந்திருந்த படமும் அதில் வெளிவந்தது. 1953இல் அவர் வரி ஏய்ப்புக்காகத் தண்டிக்கப்பட்டார். தனி மனிதரின் தீய நடத்தை என்று மட்டும் இதனை ஒதுக்கிவிட முடியாது. அறிவும் நேரமும் இல்லாத அவை, அவ்விரண்டையும் உடையவரிடம் அடைக்கலம் புகுவது இயல்பே. இக்குறையை உணர்ந்தே சட்டமன்றம் 1941இல் வரவு செலவுகளைத் தணிக்கை செய்யும் தனி அலுவலகத்தை நிறுவியிருந்தது. 1949 முதல் 1977 வரை அதற்குத் தலைமை தாங்கிய ஆலன் போஸ்டின் கட்சி சாரா ஆய்வறிக்கைகள் உறுப்பினர்களுக்கு மாற்று அறிவாதாரமாயின.

கட்சி வரலாறு இங்குச் சற்று வேறுபட்டது. 1913 முதல் 1959 வரை நிலவிய ஒரு விதியின்படி, வேட்பாளர் ஒருவர் இரு கட்சிகளின் முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடலாம். இரண்டிலும் வென்றால் பொதுத் தேர்தலில் முக்கிய எதிர்ப்பே இராது. இது பதவியில் இருந்தவர்களுக்கும், பெரும்பாலும் குடியரசுக் கட்சியினருக்கும் சாதகமாயிற்று. 1958இல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் பதவியையும் இரு அவைகளையும் அந்நூற்றாண்டில் முதன்முறையாக ஒருசேரக் கைப்பற்றி, மறு ஆண்டே இவ்விதியை ஒழித்தது. 1934 முதல் கீழவையில் இருந்த அகஸ்டஸ் ஹாக்கின்ஸும் 1948இல் வந்த பைரன் ரம்ஃபோர்டும், இருவரும் கறுப்பின உறுப்பினர்கள், நெடுங்காலம் போராடிய வேலைவாய்ப்புப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் 1959இல்தான் நிறைவேறியது.

செனட்டின் அமைப்பை இறுதியில் மாற்றியவர்கள் வாக்காளர்களோ உறுப்பினர்களோ அல்லர். 1964 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அலபாமா வழக்கொன்றில், மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் மக்கள்தொகை அடிப்படையிலேயே அமைய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதனை எழுதிய தலைமை நீதிபதி, 1948இல் பழைய முறைக்காகப் பேசிய அதே எர்ல் வாரன். தமது முந்தைய நிலைப்பாட்டை இவ்வளவு வெளிப்படையாகக் கைவிட்ட நேர்மைக்கு அமெரிக்கப் பொதுவாழ்வில் ஈடு அதிகமில்லை. 1965இல் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டு, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்குப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட செனட்டர்கள் கிடைத்தனர். 1966 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற திருத்தம் நாள் வரம்பை நீக்கி, ஆண்டுதோறும் முழுக் கூட்டத்தொடர் நடத்த வழிசெய்தது. அவைத்தலைவர் ஜெஸ்ஸி அன்ரூ நெடுநாள் வலியுறுத்திய சீர்திருத்தம் அது. உறுப்பினரின் ஆண்டு ஊதியம் 16,000 டாலராயிற்று.

ஆயினும் புதிய செனட்டிலும் ஒரு பெண்கூட இல்லை. கீழவைக்கு 1918இலேயே நான்கு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தனர். மேலவைக்கு முதல் பெண்ணாக ரோஸ் ஆன் வூயிச் 1976இல்தான் வந்தார். அவரை அனுப்பியதும் பெருநகரமன்று, சான் வாக்கின் பள்ளத்தாக்கின் வேளாண் நிலப்பகுதியே.