மார்லிக் காளைக் கலங்கள்

வட ஈரானின் கீலான் மாகாணத்தில், காஸ்பியன் கடலுக்குத் தெற்கேயுள்ள மலைப்பகுதியில், ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் வனையப்பட்ட சுடுமண் சடங்குக் கலங்கள். திமிலுள்ள காளையின் வடிவில் அமைந்த இவை இறந்தவர்களோடு கல்லறைகளில் வைக்கப்பட்டவை.

காளையின் உடல்தான் கலம். உள்ளே கூடாக இருக்கும். முகவாய் பறவையின் அலகுபோல் நீண்டு மூக்காகிறது. நீர்மம் அதன் வழியே வார்க்கப்படும். சிவப்பு அல்லது சாம்பல் நிறப் பரப்பைச் சூளையில் இடுமுன் தேய்த்து மெருகேற்றினர். கால்கள் குட்டை, கண்ணுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. குயவர் கவனமெல்லாம் திமிலில்தான்: உடலின் மற்ற பகுதிகளை அமுக்கிவிடும் அளவுக்கு அது எழுந்து நிற்கும். துளையிட்ட காதுகளில் பொன் வளையம் பூட்டிய கலங்களும் உண்டு. ஆக, இவை வீட்டுப் புழக்கத்துக்கானவை அல்ல.

திமில் மாடு தெற்காசியாவில் பழக்கப்பட்டு மேற்கே பரவிய இனம். விலங்கு வடிவக் கலம் வனையும் மரபோ மேற்கு ஆசியாவில் மார்லிக் கலங்களைவிடப் பழையது. துருக்கியின் குல்தெப்பேயில் சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய சிங்க வடிவக் கலங்கள் கிடைத்துள்ளன. தெய்வங்களுக்குரிய இத்தகைய கலங்களை ஹிட்டைட் ஆப்பெழுத்துப் பலகைகள் பட்டியலிடுகின்றன. பிற்கால அகாமனிய அரசில் இம்மரபு பொன், வெள்ளிக் கொம்புக் கிண்ணங்களாகத் தொடர்ந்தது.

1950களின் இறுதியில் கீலானின் கல்லறைகளைத் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்த கலங்கள் கலைச்சந்தைக்கு வந்தன. வணிகர்கள் அவற்றுக்கு அருகிலிருந்த சிற்றூரான அம்லாஷின் பெயரைச் சூட்டினர். தெஹ்ரான் பல்கலைக்கழகத்தின் எஸத் நெகாபான் 1961-இல் கீலானின் ருத்பார் பகுதியை ஆய்வு செய்தபோது, அங்குள்ள மார்லிக் மேட்டின் சோதனைக் குழியிலேயே வெண்கல மாட்டு உருவங்களும் உருளை முத்திரைகளும் பொன் பொத்தான்களும் வெளிப்பட்டன. 1962 வரை நீடித்த அகழாய்வில் 53 கல்லறைகள் திறக்கப்பட்டன. காளைக் கலங்கள் எந்தப் பொருள்களோடு சேர்த்து வைக்கப்பட்டன என்பது அப்போதுதான் ஒழுங்காகப் பதிவாயிற்று.

அதற்குள் சந்தையில் போலிகள் பெருகிவிட்டன. மண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்பதை வெப்ப ஒளிர்வுச் சோதனை காட்டும். எந்தக் கல்லறையில், யாருடைய பக்கத்தில் கலம் இருந்தது என்பதை எந்தச் சோதனையாலும் மீட்க முடியாது. ஆகவே இக்கலங்களின் வரலாற்றை எழுத, சந்தை வழி வந்த அழகான காளைகளைவிட, ஈரான் தேசிய அருங்காட்சியகத்திலுள்ள மார்லிக் அகழாய்வுக் கலங்களே நம்பத்தக்க அடிப்படை.